ஹெச்சை அழுத்தினால் என்ன ஆகும்? சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு செயலி தேடிய கதை

சென்ற மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, இணையவழிக் கூட்டம். எண்பது வயதைத் தாண்டிய கவிஞர் ஒருவர் தன் பழைய கவிதையைப் படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை நடத்துபவன் என்பதால் என் மைக் திறந்தே இருந்தது. கண் மட்டும் வேறொரு விண்டோவில், அவர் படிக்கும் கவிதையின் பிடிஎஃப்பில். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவுக்குள் பழைய சாமான் வாங்கும் ஆட்டோ நுழைந்தது. பதிவு செய்த குரல், முழு சத்தத்தில்: "பழைய ஃபிரிட்ஜ், பழைய பேட்டரி, பழைய வாஷிங் மெஷின்..." மியூட் செய்யும் ஷார்ட்கட்டை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். நான் அழுத்தியதெல்லாம் கூட்டத்துக்குப் போகாமல், கண்முன் இருந்த பிடிஎஃப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கவிதையின் கடைசி நான்கு வரிகள் ஆட்டோவோடு சேர்ந்தே முப்பது வீடுகளில் கேட்டன.

கவிஞர் பெரிய மனிதர். "அவருக்கும் நல்ல குரல்தான்" என்றார்.

எங்கள் வாசகர் வட்டம் இந்திய நேரப்படி மாலை ஆறரைக்குக் கூடும். சென்னை, திருநெல்வேலி, சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிட்டு வரும் இருவர், டொரன்டோவில் கோடையில் காலை ஒன்பதுக்கும் குளிர்காலத்தில் எட்டுக்கும் காபியோடு உட்காரும் ஒருவர் என்று முப்பது பேர் தேறுவோம். மூன்று பேர் மாறி மாறி நடத்தினோம். ஒருவருக்கு ஜூம், ஒருவருக்கு கூகுள் மீட், அலுவலகத்தில் நாள் முழுவதும் டீம்ஸிலேயே இருக்கும் மூன்றாமவருக்கு டீம்ஸ். ஆட்டோ வந்துபோன பிறகு "இனி ஒரே செயலி, எது என்று நீயே சொல்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த மாதிரி ஒப்பீடுகளில் முதலில் வருவது காசுக் கணக்கு. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இலவசக் கணக்கில் குழுக் கூட்டத்துக்கு ஜூம் 40 நிமிடம் தருகிறது, மீட்டும் டீம்ஸும் 60 நிமிடம். மூன்றிலும் 100 பேர் வரை வரலாம். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து பேசியதே இல்லை. ஆகவே எதை எடுத்தாலும் யாராவது பணம் கட்டித்தான் ஆகவேண்டும். சரி, அது தீர்ந்தது. நான் பார்க்க விரும்பியது வேறு: கூட்டம் நடக்கும்போது என் விரல் என்ன செய்யவேண்டியிருக்கிறது, வந்திருப்பவர்களின் கண் என்ன பார்க்கிறது.

ஒரே எழுத்து, மூன்று வேலை

மூன்று செயலிகளின் ஷார்ட்கட்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். விண்டோஸ் கணினிக்கானவை. எழுதி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமே வந்தது.

ஹெச் என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூமில் ஆல்ட் + ஹெச் அழுத்தினால் சாட் பெட்டி திறக்கும். மீட்டில் கண்ட்ரோல் + ஆல்ட் + ஹெச் அழுத்தினால் கை உயரும். டீம்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஹெச் அழுத்தினால் நீங்கள் கூட்டத்தைவிட்டே வெளியே போய்விடுவீர்கள். பேச அனுமதி கேட்கப்போன மனிதர் வாசலுக்கு வெளியே நிற்பார்.

எம் எழுத்து அதைவிட மோசம். டீம்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம் என்றால் என் மைக் மட்டும் அணையும். ஜூமில் நான் ஹோஸ்டாக (கூட்டத்தை நடத்துபவனாக) இருந்து ஆல்ட் + எம் அழுத்தினால் என்னைத் தவிர எல்லார் மைக்கும் அணையும். மீட்டில் கண்ட்ரோல் + ஆல்ட் + எம் அழுத்தினால் என் முகம் தெரியும் கட்டம் சுருங்கும், மைக் அப்படியே திறந்திருக்கும். இ எழுத்தும் சளைத்ததில்லை: மீட்டில் கண்ட்ரோல் + இ கேமராவுக்கு, டீம்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + இ திரையைப் பகிர்வதற்கு. கேமராவை அணைக்க நினைத்தவர் தன் திரையை ஊருக்குக் காட்டக் கிளம்பிவிடுவார். நல்லவேளை, பகிர்வதற்கு முன் எதைப் பகிர என்று ஒருமுறை கேட்கும்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எந்தச் செயலியின் ஷார்ட்கட் சிறந்தது என்பது இரண்டாவது கேள்வி. வாரம் ஒரு செயலி என்று மாற்றிக்கொண்டிருந்ததே எங்கள் முதல் தவறு. சைக்கிள் ஓட்டப் பழகிய கால் மாதிரிதான் விரலும். அது யோசிப்பதில்லை. யோசிக்காத விரலுக்கு மூன்று வீட்டு முகவரியைக் கொடுத்தால் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஒரே செயலிக்குள்ளும் இந்தக் கூத்து உண்டு. எங்களில் இருவர் மேக் வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் ஜூமில், பேசுபவரைப் பெரிதாகக் காட்டும் ஸ்பீக்கர் வியூவுக்கு ஆல்ட் + எஃப்1, எல்லாரையும் கட்டம் கட்டமாகக் காட்டும் கேலரி வியூவுக்கு ஆல்ட் + எஃப்2. மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + டபிள்யூ அழுத்தினால் ஒரே கீயில் இரண்டும் மாறி மாறி வரும். அதில் ஷிஃப்டை விட்டுவிட்டு வெறும் கமாண்ட் + டபிள்யூ அழுத்தினால் "கூட்டத்தை முடிக்கவா" என்று கேட்கும். ஆகவே மேக்காரர்களுக்குத் தனித் தாள் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த விண்டோவில் இருக்கும்போது கை எட்டுமா

ஆட்டோ சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஷார்ட்கட் எவ்வளவு சுலபமாக இருந்தாலும், அது சாதாரணமாக வேலை செய்வது கூட்டத்தின் விண்டோ முன்னால் இருக்கும்போதுதான். கூட்டத்தை நடத்துபவருக்கு அந்த விண்டோ முன்னால் இருப்பதே அபூர்வம். பிடிஎஃப், வருகைப் பட்டியல், வாட்ஸப் வெப்பில் "இணைப்பு வேலை செய்யவில்லை" என்று வரும் செய்திகள் என்று ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு இங்கேதான்.

மீட் பிரவுசருக்குள் ஓடுவது. மைக்குக்குக் கண்ட்ரோல் + டி (டெல்லிக்கு முதலில் வரும் டி). மீட் டேபில் இருக்கும்வரை சரி. பக்கத்து டேபுக்கு நகர்ந்துவிட்டு அதையே அழுத்தினால், குரோம் அந்தப் பக்கத்தை புக்மார்க் செய்யட்டுமா என்று கேட்கும். கண்ட்ரோல் + இ அழுத்தினால் கேமரா அணையாது, முகவரிப் பட்டையில் தேடலுக்குக் கர்சர் போய் நிற்கும். இதற்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. வேறு டேபுக்குப் போகும்போது மிதக்கும் சின்ன விண்டோவாக மீட்டை வைத்துக்கொள்ளலாம், அதில் மைக் பட்டன் இருக்கும். அல்லது குரோமிலிருந்து மீட்டைத் தனிச் செயலி போல நிறுவிக்கொண்டால், திறந்திருக்கும் டேப்களுக்குள் தேடாமல் ஆல்ட் + டேப் அழுத்தி நேராக அதற்கு வந்துவிடலாம். இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் ஆட்டோ வரும் வேகத்துக்கு ஒரு படி அதிகம்.

டீம்ஸுக்கு விண்டோஸ் 11இல் ஒரு துணை இருக்கிறது. விண்டோஸ் கீ + ஆல்ட் + கே அழுத்தினால், எந்த விண்டோவில் இருந்தாலும் மைக் அணையும், திரையில் ஒரு அறிவிப்பும் வந்துபோகும். அதை ஏற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்ட செயலிகளில் மட்டும்தான் இது வேலை செய்யும், டீம்ஸ் அவற்றில் ஒன்று. விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

ஜூமில் அமைப்புகளுக்குள் போய் கீபோர்டு ஷார்ட்கட் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்கும் எதிரில் "குளோபல்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால், எந்த விண்டோ முன்னால் இருந்தாலும் அந்தக் கட்டளை ஜூமுக்குப் போகும். அதோடு, ஷார்ட்கட்டையே நமக்குப் பிடித்த கீக்களுக்கு மாற்றிக்கொள்ளவும் அதே பக்கத்தில் வழி இருக்கிறது. இது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் கவிதை தப்பித்திருக்கும்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூமின் மைக் ஷார்ட்கட் ஆல்ட் + ஏ. எக்செலில் ஆல்ட் + ஏ அழுத்தினால் டேட்டா மெனு திறக்கும். குளோபலில் டிக் போட்டபின் அந்தக் கட்டளையை ஜூம் பிடுங்கிக்கொள்ளும். எக்செலில் கை ஊறியவர்கள் மைக்குக்கு வேறு கீ வைத்துக்கொள்வதே நல்லது. நான் எக்செல் பக்கம் அதிகம் போகிறவன் இல்லை, அதனால் ஆல்ட் + ஏவையே வைத்துக்கொண்டேன். எல்லா ஷார்ட்கட்டுக்கும் டிக் போடாதீர்கள். மைக், எல்லாரையும் மியூட் செய்வது, இந்த இரண்டு போதும்.

எல்லாரையும் மியூட் செய்ய ஒரு கீ இருப்பதே எங்களைப் போன்ற கூட்டத்துக்குப் பெரிய விஷயம். மீட்டிலும் டீம்ஸிலும் இதைச் செய்யலாம்தான், பங்கேற்பாளர் பட்டியலைத் திறந்து அங்கே போய் அழுத்தவேண்டும். யார் வீட்டு மிக்ஸி ஓடுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சட்னியே அரைத்து முடித்துவிடுவார்கள்.

அழுத்திப் பிடித்துப் பேசும் வசதி மூன்றிலும் உண்டு. மியூட்டில் இருந்தபடியே ஸ்பேஸ்பாரைப் பிடித்துக்கொண்டு "ஆமாம், சரி" என்று சொல்லிவிட்டு விட்டுவிடலாம். ஜூமில் ஆடியோ அமைப்புகளில் இதற்கு ஒரு டிக் இருக்கிறது, மீட்டிலும் அமைப்புகளுக்குள் போய் இயக்கிக்கொள்ள வேண்டும். டீம்ஸில் கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். இந்த ஒரு இடத்தில் டீம்ஸ்காரர்களின் யோசனையை மெச்சுகிறேன். ஏனென்றால் வெறும் ஸ்பேஸ்பார் என்றால், கர்சர் சாட் பெட்டிக்குள் இருக்கும்போது நீளமாக இடைவெளிதான் விழும், குரல் வெளியே போகாது. "கேட்கிறதா, கேட்கிறதா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பார்.

யார் கண்ணுக்கு எது தெரிகிறது

வியூ விஷயத்தில் மக்கள் குழம்புவதெல்லாம் ஒரே இடத்தில். நான் மாற்றுவது என் திரையில் மட்டும் மாறுகிறதா, எல்லார் திரையிலுமா? ஜூமில் ஒருவரை "பின்" செய்தால் அவர் என் திரையில் மட்டும் பெரிதாவார். ஹோஸ்ட் "ஸ்பாட்லைட்" செய்தால் எல்லார் திரையிலும் பெரிதாவார். ஒன்பது பேர் வரை ஸ்பாட்லைட் செய்யலாம். எங்கள் நண்பர் ஒருவர் பல மாதங்களாகப் பேச்சாளரைப் பின் செய்துவிட்டு, எல்லாருக்கும் தெரியும்படி ஏற்பாடு செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். கேலரி, ஸ்பீக்கர் என்று வியூ மாற்றுவதும் அவரவர் திரையோடு போவதுதான். "எல்லாரையும் கேலரிக்கு மாற்றிவிட்டேன்" என்று ஹோஸ்ட் சொன்னால் நம்பவேண்டாம்.

முப்பது பேர் கூட்டத்துக்கு ஜூமின் கேலரி வியூவில் ஒரு சங்கடம் உண்டு. வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 25 பேர், ஐந்துக்கு ஐந்து. மீதி ஐந்து பேர் இரண்டாவது பக்கம். யாரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை, பேஜ் டவுன் கீ அழுத்தினால் அங்கே போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. அந்த ஐந்து பேர் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர்கள் மாதிரி, பாயசம் வந்ததா என்று கேட்க ஆளில்லை. வீடியோ அமைப்புகளில் 49 என்று மாற்றினால், கணினிக்குத் தெம்பு இருந்தால், ஏழுக்கு ஏழாக எல்லாரும் ஒரே பக்கத்தில் வந்துவிடுவார்கள். முகம் தபால்தலை அளவுக்குப் போகும். இருந்தாலும் நான் 49ஐத்தான் எடுத்தேன். பேசுபவர் முகம் சரியாகத் தெரியவேண்டும் என்றால் ஆல்ட் + எஃப்1 இருக்கவே இருக்கிறது. பல மடிக்கணினிகளில் எஃப்1, எஃப்2 கீக்கள் ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலையில் இருக்கும், அங்கே எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்தவேண்டும். எஃப்2க்கும் எஃப்4க்கும் நடுவில் ஒரே ஒரு கீதான் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ட் + எஃப்4 விண்டோவை மூடும்.

மீட்டிலும் டீம்ஸிலும்கூட 49 கட்டம் வரை போகலாம். மீட்டில் கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கண்ட்ரோல் + ஆல்ட் + கே, குறைக்கக் கண்ட்ரோல் + ஆல்ட் + ஜே. கையாலேயே கூட்டிக் குறைப்பது அழகான வசதி, மற்ற இரண்டிலும் நான் ஏங்கியது இதற்குத்தான்.

ஆனால் எங்கள் தராசைச் சாய்த்தது வேறு ஒன்று. நாங்கள் ஆளுக்கு ஒரு பத்தி என்று முறைவைத்துப் படிப்போம். நேரில் வட்டமாக உட்கார்ந்தால் அடுத்தது யார் என்று கேட்கவேண்டியதே இல்லை. திரையில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரிசை. என் திரையில் எனக்கு அடுத்து இருப்பவர் உங்கள் திரையில் மூலையில் இருப்பார். "அடுத்து யாருங்க?" என்ற கேள்வியிலேயே மாலையில் பத்து நிமிடம் போய்விடும். ஜூமில் ஹோஸ்ட் கேலரி கட்டங்களை மவுஸால் இழுத்து வரிசைப்படுத்தி, அந்த வரிசையையே எல்லாரும் பார்க்கும்படி செய்யலாம். செய்த அன்றைக்குத்தான் எங்களுக்கு மறுபடி ஒரு வட்டம் கிடைத்தது. எல்லாரையும் ஒரே அரங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டும் டுகெதர் மோடை டீம்ஸில் மைக்ரோசாஃப்ட் 2020இல் கொண்டுவந்தபோது நினைத்ததும் ஏறக்குறைய இதைத்தான். எனக்கு அந்தப் பொம்மை அரங்கம் பிடிக்கவில்லை, ருசி அவரவருக்கு. மீட்டில் யாரை எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது, ஓயாமல் மாற்றவும் செய்கிறது.

வீடியோ இல்லாதவர்களை மறைக்கும் வசதியும் இருக்கிறது. திரை சுத்தமாகிவிடும். நான் அதைத் தொடுவதில்லை. டேட்டா தீர்ந்துவிடும் என்று கேமராவை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பவர்கள் எங்களிடம் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கறுப்புக் கட்டமாகவாவது அவர்கள் பெயர் கண்ணில் படட்டும்.

தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருப்பதை மறைப்பது வேறு விஷயம். அதை எல்லாருக்கும் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன், வீடியோ கூட்டங்கள் ஏன் இவ்வளவு களைப்பாக்குகின்றன என்று 2021இல் எழுதிய கட்டுரையில் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: நாள் முழுவதும் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பது போன்ற நிலை. ஜூமில் நம் கட்டத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளியில் இதை மறைக்கலாம். மற்றவர்களுக்கு நாம் தெரிந்துகொண்டுதான் இருப்போம், அதனால் மூக்கைச் சொறியும் முன் யோசிக்கவும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும்

இது எந்த ஒப்பீட்டிலும் வராது. நம்மில் பலர் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளில் தட்டச்சு செய்கிறோம். அதில் ஆல்ட் + 1 அழுத்தினால் தமிழ் 99 விசைப்பலகை வரும். சாட்டில் ஒருவருக்குத் தமிழில் பதில் எழுதப் போகும் விரல் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டால் ஆல்ட் + எஃப்1, கேலரி போய் ஸ்பீக்கர் வியூ வந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை, ஆல்ட் + எஃப்2 அழுத்தினால் திரும்பிவிடலாம். ஆனால் காரணம் தெரியாதவர் "என் திரையில் எல்லாரும் மறைந்துவிட்டார்கள்" என்பார்.

ஜிட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இதுவும் வீடியோ கூட்டத்துக்கான செயலிதான், திறமூல (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும். அதன் ஷார்ட்கட்கள் எல்லாம் ஒற்றை எழுத்து: எம் மைக்குக்கு, வி கேமராவுக்கு, ஆர் கை உயர்த்த, டபிள்யூ கட்ட வியூவுக்கு. மனதுக்கு இவ்வளவு நெருக்கமான ஷார்ட்கட் வேறு எங்கும் இல்லை. அதுவே அதன் ஆபத்தும். சாட் பெட்டிக்குள் கர்சர் இருக்கிறது என்று நினைத்து "வணக்கம்" என்று ஆங்கில எழுத்தில் அடிக்க ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே வேறு ஏதோ நடந்திருக்கும். நான்கைந்து பேர் கூடும் சின்னச் சந்திப்புக்கு இன்றும் என் விருப்பம் அதுதான். முப்பது பேருக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கைபேசிக்காரர்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் முப்பதில் பாதிக்குமேல் கைபேசியில் வருகிறவர்கள். அவர்களுக்கு ஆல்ட்டும் கிடையாது, கண்ட்ரோலும் கிடையாது. ஜூமில் இடப்பக்கமாகத் தள்ளினால் கேலரி, ஒரு பக்கத்தில் நான்கு முகம். வலப்பக்கமாகத் தள்ளினால் வண்டி ஓட்டுபவர்களுக்கான பெரிய பட்டன் மட்டும் வரும், தெரியாமல் அங்கே போனவர் திரும்ப இடப்பக்கம் தள்ளினால் போதும். பிடிஎஃப் பகிரும்போது எழுத்து சிறிதாக இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு விரலால் விரிக்கச் சொல்லிக்கொடுத்தோம். இவர்களைப் பொறுத்தவரை எந்தச் செயலி என்பதைவிட, வாராவாரம் அதே செயலி என்பதுதான் உதவி.

ஆகவே சனிக்கிழமைக் கூட்டம் ஜூமில் என்று சொன்னேன். குளோபல் ஷார்ட்கட், எல்லாரையும் மியூட் செய்ய ஒரு கீ, வட்டமாக உட்காரும் வரிசை, இந்த மூன்றும்தான் காரணம். கட்டணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். உங்கள் கூட்டம் எட்டுப் பேருக்குள் என்றால், முறைவைத்துப் பேசும் வழக்கம் இல்லையென்றால், நான் மீட்டையே சொல்வேன். எதையும் நிறுவ வேண்டாம், கணினியில் இரண்டு ஷார்ட்கட் தெரிந்தால் ஒப்பேற்றிவிடலாம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் டீம்ஸில் இருப்பவர்களே கூடும் குழு என்றால் டீம்ஸ், வேறு யோசனையே வேண்டாம், விரல் ஏற்கெனவே அங்கே குடியிருக்கிறது. ஸ்கைப்பில் பழகியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வழி அதுதான். 2025 மே 5இல் ஸ்கைப்பை மூடிய மைக்ரோசாஃப்ட் எல்லாரையும் டீம்ஸுக்குத்தான் கூப்பிட்டது.

மடிக்கணினியின் ஓரத்தில் நான்கு வரியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ஆல்ட் + ஏ மைக், ஆல்ட் + எம் எல்லாரும், ஆல்ட் + எஃப்2 கேலரி, ஆல்ட் + ஒய் கை. அதன் படத்தைக் குழுவிலும் போட்டேன்.

முதல் சனிக்கிழமை எங்கள் டீம்ஸ் நண்பருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பழக்கத்தில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + கே அழுத்தியிருக்கிறார். டீம்ஸாக இருந்தால் கை உயர்ந்திருக்கும். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். சீட்டைத் தேடினார் போலிருக்கிறது, தலை குனிந்து நிமிர்ந்தது. கடைசியில் கேமரா முன்னால் தன் நிஜக் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க அண்ணே" என்றேன்.